ஓட்டமா, சைக்கிளா

முள் நகரவில்லை.

இறங்கினான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் ஏறி நின்றான். எடை மெஷினுக்குச் சட்டையெல்லாம் ஒரு பொருட்டா? போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது.

சைக்கிள்தான் சரியில்லை என்று தோன்றியது.

முதலில் ஓடத்தான் ஓடினான். விடிந்ததும் வாய்க்கால் கரையில், துணி துவைக்க வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரிக்க. ஒரே மாதத்தில் முட்டி வீங்கிவிட்டது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடினால் கொழுப்பு கரையாது, முட்டிதான் கரையும், சைக்கிளை மிதி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சைக்கிள் என்ன கிழிக்கும், ஓட்டத்துக்கு ஈடு உண்டா என்றார் மில்லில் கூட வேலை பார்ப்பவர். வாய் இருந்தால் ஆளுக்கொரு வைத்தியம்.

சைக்கிளுக்கு மாறினான். முட்டி வீக்கம் வடிந்தது. எடை மட்டும் அசைவேனா என்றது.

தொப்பை போய் ஆள் அழகாக வேண்டும் என்று அவன் ஆசைப்படவில்லை.

அவன் மனைவிக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. சொந்தத்தில் யார் யாரையோ பரிசோதித்தார்கள். அவனுடையது ஒன்றுதான் பொருந்தியது. ஒரு பகுதியை வெட்டி அவளுக்கு வைத்துவிடலாம். ஆனால் அதில் கொழுப்பு படிந்திருந்தது. முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், சீக்கிரம் வாருங்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு அவள் டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குடுக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

ஆபத்து ரொம்பக் குறைவு என்றார். இல்லவே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் தன்சிகா அவள் மடியில் தூங்கினாள். இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே அவள் ஈரோடு வரை வந்தாள்.

மறுநாளிலிருந்து அவனுக்குக் கஞ்சி காய்ச்சுவது தன் வேலை என்றாள். உனக்கெதற்கு இந்தப் பாடு என்றால் காதில் வாங்கவில்லை. நிற்க முடியாமல் போனபோது ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கிண்டினாள்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. பழமொழியை அப்படியே வாழ்கிற வீடு அது. அவனுக்குக் கொள்ளுக் கஞ்சி. அவளுக்கு வெள்ளை எள்ளை வறுத்து இடித்த பொடி. அவனுடைய அக்கா இடித்து அனுப்புவாள். டப்பா காலியாகக் காலியாக மறுபடி வந்துவிடும்.

டப்பா காலியாவதைப் பார்க்க அவனுக்கு அத்தனை சந்தோஷம். எதையும் தொடாதவள் இதையாவது சாப்பிடுகிறாளே. சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லையே என்பதுதான் வேதனை. கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை ஓடியது. குறைய வேண்டியவனுக்குக் குறையவில்லை, குறையக் கூடாதவளுக்குக் குறைந்துகொண்டே போனது. சாமிக்குக் கண் இருக்கிறதா என்று அவன் கேட்காத நாள் இல்லை.

தினமும் அவன் கிளம்பும்போது கேட்பாள்.

"இன்னைக்கு ஓட்டமா, சைக்கிளா மாமா?"

கேலிதான். நோய் தின்றதுபோக அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

இன்றைக்கும் சைக்கிள்தான்.

பாலத்து மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் அறுந்துவிட்டது. உருட்டிக்கொண்டு பாதியிலேயே திரும்பினான்.

வீட்டுச் சந்தில் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் அவனுடைய கஞ்சி. மடியில் எள்ளுப்பொடி டப்பா.

ஒரு கரண்டி அள்ளிக் கஞ்சியில் போட்டாள். இன்னொரு கரண்டி. நல்லெண்ணெயைச் சாய்த்து ஊற்றினாள். மேலே மிதக்காதபடி பொறுமையாகக் கலக்கினாள். மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடியும் கலக்கினாள்.

கரண்டியில் ஒட்டியிருந்ததைக்கூட விரலால் வழித்துக் கஞ்சியில்தான் விட்டாள். தன் நாக்கில் ஒரு பொட்டு வைக்கவில்லை.

கொள்ளு இவ்வளவு மணக்குமா என்று தினமும் அவளை மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்தது.

உடம்பெல்லாம் கோபம் ஏறியது. உள்ளே போய் டப்பாவைப் பிடுங்கி வீசலாம் போலிருந்தது. நீ யாரடி எனக்காக முடிவு பண்ண என்று கத்தலாம் போலிருந்தது.

உள்ளறையில் தன்சிகா இருமினாள்.

அவள் கலக்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். பிள்ளை மறுபடி தூங்கிய பிறகுதான் கரண்டியைத் தொட்டாள்.

கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்தது. சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு முகத்தைத் துடைத்தான். மணியை அடித்துக்கொண்டே வாசலுக்குப் போனான்.

செயின் அறுந்ததைச் சொன்னான். அவள் கஞ்சியை ஊற்றி வைத்தாள். எப்போதும்போல எதிரே உட்கார்ந்து, அவன் குடிப்பதையே பார்த்தாள். சொட்டு விடாமல் குடித்தான்.

"அப்ப நாளைக்கு ஓட்டமா, சைக்கிளா மாமா?"

அவன் எழுந்து சமையலறைக்குள் போனான். டப்பாவோடு வந்தான். ஒரு கரண்டி பொடியை அள்ளி அவள் வாயருகே நீட்டினான்.

"ரெண்டும்" என்றான்.

அவள் கரண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அவன் கையை இறக்கவில்லை.