கல் யானைக்குப் பயணத் தடை

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலியெல்லாம் தேவலையா? சரி, கதைக்கு வருவோம்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் பழைய பொருட்களைச் சோதிக்கும் அலுவலகம். மகள் வீட்டுக்குக் கிளம்பும் தம்பதி வந்திருந்தார்கள். கணவர் மடியில் ஒரு கல் யானை.

"எங்க அப்பா வெச்சிருந்த யானை, மேடம். இது பக்கத்துல இல்லேன்னா எனக்குத் தூக்கமே வராது" என்றார்.

அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அபூர்வமான சிற்பம் சார். நாட்டை விட்டுப் போகக் கூடாது. மியூசியமே வாங்கிக்கும்."

"சட்டம்னா சட்டம்தாங்க, விடுங்க" என்று மனைவி தேற்றினாள். அவர் கண் கலங்கி, முகம் கழுவப் போனார்.

மனைவி அதிகாரியின் கையைப் பிடித்தாள். "ரொம்ப தேங்க்ஸ்டி. ஸ்கூல்ல மாதிரியே எனக்காகப் பொய் சொல்லிட்டே. இல்லேன்னா என் பெட்டி முழுக்க யானைதான்."

"பொய் இல்லடி. நிஜமாவே பொக்கிஷம். இதை ஜோடியாத்தான் செய்வாங்க. இன்னொண்ணு எங்கே இருக்கோ."

மனைவி, கணவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். "அது தொலைஞ்சுபோச்சுன்னு இவர்கிட்ட சொல்லிட்டு, வெளிநாட்டு நாத்தனார் சுமக்கட்டும்னு அவ பெட்டிக்குள்ள நான்தான் போட்டு அனுப்பினேன்."

அதிகாரி மறுபடி லென்ஸை எடுத்தார். இந்தத் தடவை தோழியைப் பார்த்தார்.

உங்க வீட்டுல நாத்தனார் பெட்டியில என்னென்ன போச்சு? மறைக்காம எழுதி அனுப்புங்க.