விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

"அப்படிப் போடு! பனின்னா இதுதான்டா பனி!"

வேன்காரர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். லீவுக்கு வந்திருந்த மகன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திரையில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு இருட்டுத் தெரு. வரிசையாக விளக்குக் கம்பங்கள். முதல் விளக்கைச் சுற்றி வெளிறிய வளையம், அடுத்தது பஞ்சில் பொதிந்து வைத்த மாதிரி, அதற்கப்பால் தெருவே கரைந்து போயிருந்தது.

அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் கேம் செய்கிற கம்பெனியில் மகனுக்கு வேலை கிடைத்தபோது, "விளையாடறதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று நாலு பேர் முன்னால் சிரித்த மனுஷர். இன்றைக்குத்தான் பையன் முதல்முறையாக வேலை விஷயமாக அவரிடம் வந்து நிற்கிறான்.

காலையில் சாப்பிடும்போதே புலம்பித் தீர்த்தான். "பனி எவ்வளவு அடர்த்தி, வெளிச்சம் அதுல பட்டு எப்படிச் சிதறணும், எல்லாத்துக்கும் கேம் எஞ்சின்ல ஒரு எண் இருக்குப்பா. எதைப் போட்டாலும் அடுப்புப் புகை மாதிரி இருக்குன்னு டீம் லீடர் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டார். போட்ட பனி மொத்தத்தையும் அழிச்சிட்டேன். நீங்க பனியிலயே வண்டி ஓட்டினவர். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

சொல்லச் சொன்னால் அவருக்குக் கசக்குமா என்ன! மனைவி போனபிறகு அந்த வீட்டில் அவரிடம் பேசுவது ரேடியோ ஒன்றுதான். அதுவும் சாப்பிட்டீங்களா என்று கேட்காது.

காலையும் மாலையும் வேனில் ஏறுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் "வேன் தாத்தா, வேன் தாத்தா" என்று போட்டி போட்டுக்கொண்டு கதை சொல்லும். கடைசிப் பிள்ளையும் இறங்கிவிட்டால் அன்றைய பேச்சு முடிந்தது. மறுநாள் காலை வரைக்கும் அவர் வாயைத் திறக்க வேலையே இருக்காது.

அதனால்தான், வேனை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று மகன் எத்தனை தடவை கூப்பிட்டும் அவர் மசியவில்லை. "பதினோராவது மாடியில நான் என்னடா பண்றது? லிஃப்டோட பேசிக்கிட்டு இருக்கவா? உடம்பு நல்லா இருக்கிறவரைக்கும் அந்த ஸ்டியரிங்க விடமாட்டேன்." நேற்றுதான் மகனும் இறங்கி வந்தான். "சரிப்பா, ஓட்டுங்க. இனிமே கேக்கல."

"எங்கதான் பாத்துப் பிடிச்சியோ!" என்றார் வேன்காரர். "இந்த வருஷத்துப் பனி அச்சு அசல் இதேதான். ஸ்கூல் மணி அடிக்கிற நேரத்துக்குக்கூட விலக மாட்டேங்குது. நான் ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டுத்தான் போறேன். ஸ்கூல் வாட்ச்மேன் நக்கல் பண்றான், 'என்ன தலைவரே, வெயிலுக்கே டார்ச் அடிக்கிறீங்களா'ன்னு. அவனுக்கென்ன, கேட்டுல உக்காந்திருக்கான். புள்ளைங்கள ஏத்திட்டு வர்றவனுக்குத்தானே தெரியும்?"

மகன் சிரிக்கவில்லை. கீபோர்டில் இருந்த கையை எடுத்துவிட்டான்.

"எந்த விளக்குலப்பா வளையம் தெரியுது?"

"என்னையே டெஸ்ட் பண்றியா? எல்லாத்துலயும்தான். மூணாவது கம்பத்துக்கு அப்பால ஒண்ணுமே தெரியல பாரு, அங்கதான்டா நீ நிக்கிற! ஒரு எண்ணக்கூட மாத்தாத. டீம் லீடர் ஏதாவது சொன்னா, எங்கப்பா ஓகே பண்ணிட்டார்னு சொல்லு."

மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆணியில் வேன் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடம் போன வயசுக்குப் பிறகு அவன் அந்தக் கையைப் பிடித்ததே கிடையாது.

வேன்காரர் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். ஒரு நல்ல வார்த்தைக்காகப் பிள்ளை இத்தனை காலம் ஏங்கியிருக்கிறான், நமக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"அட, அப்பா பாராட்டினதுக்கா இப்படிக் கண்ணு கலங்குற?"

"அப்பா... நான் இன்னும் பனியே போடலப்பா."