கன்னத்தில் விழுந்த வட்டம்

ஒரகடம் தொழிற்பேட்டையின் மருந்து ஆய்வகத்தில், மாலை வெயிலுக்கு நேரே இசைவாணி ஒரு கண்ணாடித் தட்டைத் தூக்கிப் பிடிக்கிறாள். தட்டு முழுக்கப் பாலாடை போல நோய்க்கிருமி படர்ந்திருக்கிறது. நடுவில் மட்டும், ஒரு வெள்ளைப் பொட்டைச் சுற்றி, கிருமி செத்துத் தெளிந்த வட்டம். அதன் வழியே வெயில் அவள் கன்னத்தில் காசளவு விழுகிறது. பொட்டு, அவள் வளர்த்த பாக்டீரியா. மணிமங்கலத்து ஏரிமண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடம் மருந்து செய்யும் மரபணு இருப்பதைக் கண்டுபிடித்து, அதை எடுத்து இதற்குள் வைத்தவள் அவள்தான். வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போக, ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறது. “வந்துடுச்சுக்கா,” என்கிறாள் கூட வேலை செய்யும் ஷாரோன், போனில் படம் எடுத்தபடி. இசைவாணி தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறாள்: “போன மாசமுந்தான் வந்துச்சு. வளர்க்கறப்போ நாம ஊத்துன வேற மருந்து ஒட்டிக்கினு வந்து கொன்னுகீது. கேக் வெட்டினப்புறம்தானே தெரிஞ்சுது? அந்தத் தட்டை எடு.” மரபணு வைக்காமல், மற்றபடி இதைப் போலவே வளர்த்த பாக்டீரியாவின் தட்டு அது. அதிலும் வட்டம் இருந்தால் இதுவும் பொய். ஷாரோன் தயங்கித் தயங்கி நீட்டுகிறாள். இசைவாணி சட்டென்று வாங்கி வெயிலில் உயர்த்துகிறாள். பொட்டின் விளிம்புவரை கிருமி நெருங்கி, செழித்து, வெளிச்சம் நுழைய ஊசிமுனை இடம்கூட விடாமல் வளர்ந்திருக்கிறது. அவள் கன்னம் முழுக்க நிழல். அந்த நிழலுக்குள் இசைவாணி சிரிக்கிறாள்.