பாலம் வரை இரண்டு தடங்கள்

வாசலைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே ஸ்தாமென் மறுபடியும் வழுக்கி விழுந்தார். தாடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். பூட்ஸ் விரல்களைக் கடித்துக் குதறியது.

இன்றைக்கு நடை தவறினால் எல்லாம் போச்சு. மகள் கலினா மத்தியான பஸ்ஸில் வருகிறாள். நாளைக்கு மகன் பிளாமென் காரில் வருகிறான்.

"ரிட்டையர் ஆனா அடுப்போரமா முடங்கணும்னு சட்டமா என்ன?" என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தான் மகன். "ரெண்டு பேரும் தினம் பாலம் வரைக்கும் நடக்கிற வரைக்கும் மலையில இருங்க. நடை நின்னா முதியோர் இல்லம்தான். ஒரே இல்லத்துல ரெண்டு இடம் கிடைக்காது. ஆளுக்கொரு ஊரு."

ஆளுக்கொரு ஊராம்! கல்யாணமான நாளிலிருந்து மனைவி நெடாவின் குறட்டை இல்லாமல் அவர் தூங்கியதே இல்லை.

வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மித்கோ நிமிர்ந்தார். "என்னய்யா, காலையில சிங்கம் மாதிரி போய்ட்டு வந்தே. இப்ப மறுபடியும் நொண்டிக்கிட்டுப் போறே?"

"கையுறையைப் பாலத்துகிட்ட விட்டுட்டேன்."

"உன் பொண்டாட்டியைப் பாரு, ஜன்னலோரம் ஜம்முனு உட்கார்ந்து டீ குடிக்கிறா. நடையில உன்னைத் தோற்கடிச்சிட்டா போல!"

ஜன்னல் திறந்து நெடாவின் குரல் சீறியது.

"ஏ கிழவா, நின்னு கதை பேசாதே! பஸ் வர்ற நேரம்!"

ஸ்தாமெனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாலத்தைத் தொட்டுத் திரும்பி, வீட்டுக்குள் விழுந்தடித்து நுழைந்து, பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் எறிந்தபோது, வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

கலினா உள்ளே வந்ததும் அம்மாவை முத்தமிட்டாள். "வாடி, பக்கத்துல உட்காரு" என்று நெடா நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினாள். ஆனால் மகள் உட்காரவில்லை. போனை எடுத்தாள். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவள் அவள்.

"அண்ணா, பார்த்துட்டேன். வாசல்லேர்ந்து பாலம் வரைக்கும் ரெண்டு பேர் தடமும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. நீ அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பூட்ஸ்ல அடியில நட்சத்திரம் இருக்குமே, அது அப்படியே பதிஞ்சிருக்கு."

ஸ்தாமென் மூச்சு விட்டார். ஆனால் போனில் பிளாமென் சத்தமாகவே பேசினான். "ராத்திரி திரும்பப் பனி கொட்டுமாம். நாளைக்குப் புதுத் தடத்தை நானே பார்க்கிறேன்."

ஸ்தாமென் குனிந்து தன் காலைப் பார்த்தார். நாளைக்கும் போகணுமா, இந்தக் காலோடு?

கலினா பீன்ஸ் சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றி வைத்தாள். நெடா தலையைக் குனிந்துகொண்டு குடித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் கலினா அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் காலை இழுத்துக்கொள்வதற்குள் காலுறையை உருவிவிட்டாள். விரல்களெல்லாம் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்த பூட்ஸைத் திரும்பிப் பார்த்தாள். போர்வைக்கு அடியில் அசையாமல் கிடந்த அம்மாவின் கால்களைப் பார்த்தாள்.

"என்னைக் காட்டிக் கொடுத்துடாதேம்மா" என்றார் ஸ்தாமென்.

கலினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அம்மா பூட்ஸை நான் போட்டுக்கிறேன்பா."