பெயர்: சும்மா

"இனிமே நீங்க ஆப் மட்டும் எழுதுங்க. அதுல வர்ற பேரு, விவரம் எல்லாத்தையும் எங்க சர்வர் பார்த்துக்கும்!" என்று மேடையில் முதலாளி சக்கரபாணி முழங்க, கூடியிருந்த டெவலப்பர்கள் கைதட்டித் தள்ளினார்கள். பாதிப் பேருக்கு எதற்கென்றே தெரியாது. "ஒரு தடவை ஏத்தினா எல்லா ஆப்லயும் அதுதான். எவனும் மாத்த முடியாது! டெமோ காட்டுப்பா, கதிரேசா!"

அன்று காலைதான் அப்பாவாகியிருந்த கதிரேசன், பூரிப்பில் மகளின் பிறப்புப் பதிவையே திரையில் திறந்தான். டெவலப்பர் புத்தி போகுமா? சோதனைக்கு எப்போதும் அடிப்பதையே பெயர்க் கட்டத்தில் விரல்கள் அடித்தன. 'சும்மா'. பப்ளிஷ் பட்டனையும் தட்டிவிட்டன!

எட்டு மாதமாக முதலாளியின் பின்னால் அலைகிறான்.

"சார், யாழினின்னு மாத்திக் குடுங்க சார். தடுப்பூசி ஆப்ல இருந்து வீட்ல இருக்கற பேசுற தொட்டில் வரைக்கும் 'சும்மா'ன்னுதான் கூப்பிடுது. பொண்டாட்டி என்கூடப் பேசுறதே இல்ல."

"மாத்த முடியாதுங்கறதுதானேய்யா நம்ம விளம்பரமே! அடுத்த குழந்தைக்காவது பார்த்து அடி."

அந்த மகானுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். மனைவி பூங்கோதை, பாயில் உட்கார்ந்திருந்த குழந்தையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"யாழினி... யாழினிக்குட்டி... அம்மாவைப் பாரும்மா."

குழந்தை கிலுகிலுப்பையைக் கடித்தபடி இருந்தது. திரும்பவேயில்லை.

பால் குடிக்கும் நேரமானதும், மூலையில் காலியாக ஆடிக்கொண்டிருந்த தொட்டில் தேன் குரலில் அழைத்தது.

"சும்மா!"

கிலுகிலுப்பையைப் போட்டுவிட்டுச் சடாரென்று திரும்பிய குழந்தை, தொட்டிலைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தது.