மூன்று மணிக் காய்ச்சல்

மணி இரண்டே முக்கால். அந்தோணிராஜுக்கு இன்னும் குளிர் எடுக்கவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள், சரியாக மூன்று மணிக்கு அவனைப் போட்டு உலுக்கும் முறைக்காய்ச்சல். பனியன் கம்பெனி டெய்லர், தூத்துக்குடிக்காரன். நாகஜோதி வீட்டு மாடியில்தான் வாடகைக்குக் குடியிருப்பு.

நாகஜோதி அக்குபங்சர் பார்ப்பவள். நாடி பிடித்ததுமே மலேரியா என்று சொல்லிவிட்டாள். மாத்திரை தொட்டவர்களுக்குத் தன்னிடம் ஊசி கிடையாது என்பதில் கறாராக இருப்பவள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவள் படித்த சீன வைத்தியத்தின்படி, இந்தக் காய்ச்சல் தோலிலும் தங்காது, குடலுக்கும் இறங்காது. நடுவில் பதுங்கிக் கிடக்கும். குளிர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பிடரி எலும்புக்குக் கீழே ஊசி குத்தி மடக்க வேண்டும். வந்தபிறகு குத்திப் பிரயோஜனமில்லை.

இன்றைக்குக் கூடத்துக் கட்டிலில் வைத்து ஒரு மணிக்கே குத்திவிட்டாள். புதன்கிழமையும் இப்படித்தான் குத்தினாள். அன்றைக்குக் கட்டில் ஆட ஆட நடுங்கினான்.

உள்ளறையில் அவள் மகள் மோனிஷா சுருண்டு கிடந்தாள். பத்து வயது. அதே காய்ச்சல், அவளுக்கு நான்கு மணிக்கு. இரண்டு மணிக்கு அவளுக்கும் ஊசி குத்தியாகிவிட்டது.

இன்றைக்கு அந்தோணிராஜ் நடுங்கினால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவேன், நடுங்காவிட்டால் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டான் கணவன் தனபால். வாசலில் காரைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்தான்.

மூன்று அடித்தது. நாகஜோதி கட்டிலருகே குனிந்தாள். அந்தோணிராஜின் பாதத்தைத் தொட்டாள், நகம் நீலம் பாய்கிறதா என்று பார்த்தாள்.

மூன்று பத்து. மூன்று இருபது.

மூன்றரைக்கு வாசலுக்குப் போய், நடுக்கம் இல்லை, நீங்கள் வேலைக்குக் கிளம்பலாம் என்று கையைக் காட்டினாள். தனபால் பெருமாநல்லூர் கம்பெனிக்குக் கிளம்பினான்.

ஒரு வாரமாக அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. பாவம், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு.

திரும்பி வந்து ஊசியை உருவினாள். அந்தோணிராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா நெனைக்காதீகக்கா. புதன்கிழம ராத்திரியில இருந்து கவருமெண்டு ஆஸ்பத்திரி மாத்திரதான் போடுதேன். நீங்க வீட்டுக்காரக, உங்ககிட்டக் குத்தவேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

உள்ளறையில் மோனிஷா இன்னொரு போர்வை கேட்டாள்.

நாகஜோதி போனை எடுத்தாள். தனபாலை அழைத்தாள்.

"ஏனுங்க, வண்டியத் திருப்பிட்டு வந்துருங்க."