அருவியை நிறுத்தும் நேரம்

மணி ஏழு. நான் மதகை மூடவில்லை.

ஏழுக்கு மூடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பகலில் அருவியாக விழும் ஆற்றை ராத்திரி மின்சாரம் எடுக்கும் டர்பைனுக்குத் திருப்பிவிட வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போனபின் அருவிக்குத் தண்ணீர் எதற்கு என்பது கம்பெனியின் கணக்கு.

ஆர்லீன் மட்டும் போகமாட்டாள்.

டகோமா நகரில் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். கோடை விடுமுறைக்கு இங்கே ஒரு கேபினில் தங்கி, ஆயில் பெயின்ட்டில் மலையும் அருவியும் வரையக் கற்றுக்கொண்டிருந்தாள். சொல்லித்தர ஆளில்லை.

முதல் வாரம் அவளுடைய மலை ஊறிப்போன ரொட்டி மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். அவள் பெயின்ட் கத்தியால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு அதே கான்வாஸில் மறுபடி ஆரம்பித்தாள்.

ஜூலையில் சிகரம் எழுந்து நின்றது. பனியைக் கத்தியால் ஒரே இழுப்பு. அப்புறம் தொடவே இல்லை. பிறந்ததிலிருந்து நான் பார்க்கும் சிகரம் அது. அதன் இடப்பக்கம் நீலம் என்பது அவள் போட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் நடுவில், அருவி விழவேண்டிய இடம், இருட்டாகக் கிடந்தது. நான் ஷிப்டுக்கு வரும்போதெல்லாம் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். நான் உள்ளே போய் மூடுவேன். வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டியிருக்கும். அவள் போயிருப்பாள்.

தண்ணீர் அவள் கைக்கு வரவில்லை. வருவதற்குள் நான் நிறுத்திவிடுகிறேன். அப்படித்தான் நினைத்தேன்.

"உன் ஓவியக்காரி நாளைக்குக் கிளம்புறாளாம் மாப்ள," என்றான் பகல் ஷிப்ட் வெண்டல். "இன்னிக்காவது அந்தப் பொந்தை அடைக்கிறாளான்னு பாரு."

அதனால்தான் மூடவில்லை.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் போனில் வந்தார். "தூங்கிட்டியா? ஏற்கெனவே உன்மேல ஒரு மெமோ இருக்கு. அடுத்தது வேலைதான் போகும்."

மதகு சிக்கிக்கொண்டது, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் முடிப்பதைப் பார்க்கக் கீழே இறங்கினேன்.

அவள் சும்மாதான் நின்றிருந்தாள்.

"நீங்கதானே மூடுறவரு?" திரும்பாமலே கேட்டாள். "ஏன் இன்னும் நிறுத்தல? அடிப்பாறை ஒண்ணுதான் பாக்கி. வெயில் போகுது."

கிட்டே போய்ப் பார்த்தேன். இருட்டு என்று நான் நினைத்த இடம் முழுக்கப் பாறை. படிப்படியாக, வெடிப்பு வெடிப்பாக. தினமும் தண்ணீர் நின்றபின், இருட்டுவதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் போட்டது.

"முதல்ல பாறை இல்லாம வெறும் தண்ணியை மட்டும் வரைஞ்சேன். பெட்ஷீட் மாதிரி தொங்குச்சு," என்றாள். "பாறை இருந்தா போதும். தண்ணியோட வெள்ளையை வீட்டுக்குப் போய்க்கூட இழுத்துக்குவேன்."

மேலே ஓடினேன்.

மதகு மெதுவாகத்தான் இறங்கும். அன்று சுவிட்சைப் போட்டுவிட்டு, உள்ளே தங்காமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். தண்ணீர் மெலிந்தது, நூலானது, நின்றது. அடிப்பாறை கன்னங்கரேலென்று வெளியே வந்தது. இத்தனை வருஷமாக மூடுகிறேன், அதைப் பார்த்ததில்லை.

அதன்மேல் ஒரு கையகலம் வெயில் மிச்சமிருந்தது. ஆர்லீனின் பிரஷ் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது.